அன்னமும் அபயமும்
(இளையோர்க்கான அறநெறிப் பாடம்)

பசித்த உயிர்க்கு உணவிடுதல் அறம் என்பதை நம் குழந்தைகள் மழலைப் பருவத்திலேயே கற்கின்றனர். உணவிடுதல் எல்லாம் தானம் ஆகுமா? இவ்வினாவிற்கு விடை காண, அமெரிக்க நாட்டில் உள்ள ஒரு வழக்கத்தைப் பாடமாகக் கொள்வோம்.

வேட்டைக்கு ஒரு விளைநிலம்

அந்நாட்டில் வெண்வால் மான்கள் மிகுதி. 1900ஆம் ஆண்டளவில் அளவற்ற வேட்டையால் சில லட்சங்களாகக் குறைந்திருந்த அவை, சட்டப் பாதுகாப்பினால் பெருகி இன்று ஏறத்தாழ 3 கோடி என மதிப்பிடப்படுகின்றன. வேட்டைப் பருவம் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் தொடங்கும். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, வேட்டையாடுவோர் பலர் காட்டோரத்தில் கால் ஏக்கர், அரை ஏக்கர் நிலத்தைத் திருத்துகின்றனர். மண்ணைச் சோதித்து, புளிப்புத் தன்மை மிகுந்திருப்பின் சுண்ணாம்பு இடுகின்றனர். ஓட்ஸ், டர்னிப், குளோவர் என்னும் தீவனப் பயிர் ஆகியவற்றை விதைக்கின்றனர். உறைபனி பட்டபின் டர்னிப் இலை இனிப்பேறும். மான்கள் அதனை நாடி வரும்.

ஆண்டு முழுதும் மான்களுக்குத் தீனியாகப் பெருநிலத்தில் பயிரிடுவோரும் உளர். ஆயினும் இச்சிறு நிலங்களின் நோக்கம் வேறு. திறந்த வெளிக்கு மான் அஞ்சும். ஆதலால் நிலம் குறுகலாக, மரச்செறிவை ஒட்டி அமைக்கப்படுகிறது. அருகே மரத்தில் பரண் இருக்கும். அம்பு எட்டும் தொலைவு முன்பே கணிக்கப்பட்டிருக்கும்.

ஒரே உழவு, இரு நோக்கம்

நம்மவருள் உழவர் பலர். உழும்போது மண்ணிலுள்ள சிற்றுயிர்கள் மடிகின்றன. இது பிழைப்பின்பொருட்டு நேர்வது. உத்யோக ஹிம்சை எனப்படும். வீட்டுப் பணிகளில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. தற்காப்பில் நேர்வது விரோத ஹிம்சை. இம்மூன்றையும் இல்லறத்தார் இயன்றவரை குறைத்தல் வேண்டும். கொல்ல வேண்டும் என்று எண்ணியே செய்வது சங்கல்ப ஹிம்சை. அதனை அறவே விலக்குதல் வேண்டும். வேட்டைக்காக உழுபவர் கையிலும் அதே கலப்பை, அதே விதை. எண்ணமே வேறு. அங்கே முதல் விதை விழும்போதே ஹிம்சை தொடங்கிவிடுகிறது.

எதிர்வாதம்

ஓநாய்கள் பல பகுதிகளில் அழிக்கப்பட்டமையால் மான்கள் பெருகின என்பதும், பயிர்களுக்கும் சாலையில் செல்வோர்க்கும் அவற்றால் இடர் உண்டு என்பதும் மெய்யே. ஆயினும், மிகுதியைக் குறைப்பதே நோக்கமாயின், உணவூட்டி அழைப்பது ஏன்? மேலும், 1967இல் கொலராடோவில் மான்களை உருக்கும் கொடிய நோய் ஒன்று முதன்முதலாகக் காணப்பட்டது. அது பரவுதலைத் தடுக்க, தானியம் கொட்டி மான்களைக் கூட்டுவதைப் பல மாநிலங்கள் தடை செய்தன. பயிரிட்டு ஈர்ப்பதற்குப் பெரும்பாலும் அத்தடை இல்லை. சட்டம் செயலின் வடிவைப் பார்க்கிறது; அறம் உள்ளத்தின் எண்ணத்தைப் பார்க்கிறது.

நமக்கான பாடம்

ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் எனத் தானம் நால்வகை. பகவான் நேமிநாதர் தம் மணவிழா விருந்துக்கென அடைக்கப்பட்ட உயிர்களின் ஓலம் கேட்டு, மணக்கோலம் துறந்து ஊர்ஜயந்தகிரி ஏகினார். அவ்வுயிர்கள் வேண்டியது உணவன்று, அபயம்.

இது தொலைதேசத்துக் குற்றம் என்று நாம் அமைதி கொள்ளலாகாது. இளமையில், நெல் மூட்டைகளைக் காக்க, எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லைச் செருகி வைத்தவள் நான். காலையில் பொறியைத் திறக்கும் பணியை வேலையாளிடம் விட்டேன். பாவம் என்னைச் சேராது என்று எண்ணினேன். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் ஒன்றே என்பதைப் பின்னரே உணர்ந்தேன். அதன்பின் நெல்லை மூடியுள்ள தகரக் குதிருக்கு மாற்றினோம். பொறிக்கு வேலையில்லாமற் போயிற்று.

அபயம் இல்லாத அன்னம் தானம் ஆகாது.

சிந்தனை வினாக்கள்

1. உழவனின் ஹிம்சைக்கும் வேட்டையாடுவோனின் ஹிம்சைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. உயிர்களை வரவழைத்து வருத்தும் செயல் எதுவும் நம் இல்லத்தில் உண்டா? அதற்கு மாற்று வழி யாது?