கீரன் கரையேறிய வரலாறு: புராணமும் படக்காட்சியும்

இலக்கியத்துள் வரும் மாந்தரை ஆராய்வார் இருதிறத்தர். ஒரு சாரார் அம்மாந்தர் ஓரிடத்துப் பேசிய சொல்லையே பற்றி நின்று அவரைப் புகழ்வர், அன்றேல் இகழ்வர். மற்றொரு சாரார் அச்சொல் எந்நிலையில் நின்று எழுந்தது, அதன்பின் அவர் எந்நிலை எய்தினர் என்னும் இரண்டனையும் நோக்கி முடிவு கூறுவர். சித்தாந்த நூற்பயிற்சியுடையார் மேற்கொள்ளத் தக்கது பின்னைய முறையேயாம். என்னை? ஆன்மா சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது; பக்குவம் முதிருந்தோறும் மறைப்பு நீங்கி விளங்குவது. ஆதலின், ஒருநாளைய நிலைகொண்டு ஒருவரை அறுதியிட்டுரைத்தல் பொருந்தாது. இம்முறை பற்றி நக்கீரர் என்னும் பாத்திரத்தை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்கு இன்று ஒரு தேவையுண்டு. 1965-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 31-ஆம் நாள் 'திருவிளையாடல்' என்னும் பேசும்படம் வெளிவந்தது. ஏ. பி. நாகராஜன் இயக்கிய அப்படத்தில் சிவபெருமானாகச் சிவாஜி கணேசனும், தருமியாக நாகேஷும், நக்கீரராக இயக்குநர் தாமே நின்றும் நடித்தனர். அது வெள்ளிவிழாக் கண்ட படம். அதன் உரையாடல் பின்னர் இசைத்தட்டில் ஏறி, எம்மூராகிய ஏழாயிரம்பண்ணையிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் கோயிற் பொங்கல் நாட்களில் ஒலிபெருக்கி வழியே ஒலித்தது. பரஞ்சோதி முனிவர் நூலை ஒருகாலும் விரித்தறியாதாரும் சங்க மண்டபத்து வழக்கினை மனப்பாடமாகச் சொல்வாராயினர். இது படக்காட்சியால் விளைந்த நன்மை. இதனை யாம் மறுப்பேமல்லேம்.

ஆயினும், எம்பாற் பாடங்கேட்க வரும் மாணாக்கர் அப்படத்தினின்றும் இருவேறு முடிபுகளைக் கொண்டு வருகின்றனர். ஒருவர், "நக்கீரர் உண்மைக்குப் பாடுபட்ட வீரர், வாதத்தில் விடையிறுக்க மாட்டாத இறைவன் கண்ணால் எரித்தான்" என்பர். மற்றொருவர், "இறைவனையே குற்றங் கூறினார், வெந்தார், ஆதலின் பெரியோர் வாக்கிற் குற்றம் நாடுதல் பாவம்" என்பர். முன்னவர் கூற்று இறைவனைக் கொடுங்கோலனாக்குகின்றது. பின்னவர் கூற்று அறிவை அடிமையாக்குகின்றது. இரண்டும் பொருந்தா என்பதே எம் துணிபு. யாங்ஙனமெனின், கூறுதும்.

முதற்கண் நூற்செய்தியை நோக்குவாம். பரஞ்சோதி முனிவர் பாடிய அறுபத்துநான்கு திருவிளையாடல்களுள் 52-ஆவது தருமிக்குப் பொற்கிழி அளித்த படலம். 53-ஆவது கீரனைக் கரையேற்றிய படலம். 54-ஆவது கீரனுக்கு இலக்கணம் உபதேசித்த படலம். இம்மூன்றும் ஒரே கதையின் மூன்று நிலைகள். முதற் படலத்து நக்கீரர் வேகின்றார், இரண்டாவதிற் கரையேறுகின்றார், மூன்றாவதிற் கற்கின்றார். படக்காட்சி முதற் படலத்தையே விரித்து, நக்கீரர் மீட்கப்படுதலை விரைந்து காட்டி, மூன்றாவதை அறவே விடுத்தது. பல திருவிளையாடல்களை ஒரு படத்துள் அடக்குவார்க்கு இச்சுருக்கம் வேண்டியதாகலாம். ஆயின் காண்பார் நெஞ்சில் நிலைத்து நிற்பது வாதமும் தீயுமேயன்றிக் கரையேற்றம் அன்று. மேற்கூறிய இரு முடிபுகளும் 52-ஆம் படலத்தின் எல்லையில் நின்றுவிட்டார் கொண்ட முடிபுகளேயாம்.

தருமியின் பாத்திரத்தும் ஒரு வேறுபாடுண்டு. நூலில் அவன் தாய்தந்தையற்ற ஆதிசைவச் சிறுவன். மணம் செய்துகொண்டாலன்றிப் பூசைக்கு உரிமையெய்தான் ஆதலின் பொருள் வேண்டுகின்றான். படத்தில் வறுமையே முன்னிற்க, அது நகைச்சுவையாய் விரிகின்றது. நகைக்குப் பின்னே கண்ணீர் உண்டென்பதை அந்நடிகர் நன்கு காட்டினார். ஆயினும் பொற்கிழி எதன்பொருட்டு என்னும் கருத்து மறைந்தது. அப்பர் சுவாமிகள் திருப்புத்தூர்த் திருத்தாண்டகத்துள் இவ்வரலாற்றைக் குறிக்குமிடத்து, இறைவன் புலவனாய்ச் சங்கமேறியதையும் தருமிக்குப் பொற்கிழி அருளியதையுமே எடுத்தோதினார். அடியான் குறை தீர்த்தலே இவ்வரலாற்றின் வேர் என்பது அதனாற் பெறப்படும்.

இனி வழக்கின் பொருளுக்கு வருவாம். இறைவன் அருளிய பாட்டாகக் கொள்ளப்படுவது குறுந்தொகையின் 2-ஆம் பாட்டு. அதன்கண் தலைவன் தும்பியை விளித்து, இவள் கூந்தலினும் மணமுடைய பூக்கள் நீ அறிந்தவற்றுள் உளவோ என வினவுகின்றான். மகளிர் கூந்தலுக்கு மணம் இயற்கையா செயற்கையா என்னும் ஐயம் பாண்டியனுடையது. பாட்டில் அது வெளிப்பட நிற்கவில்லை. பாட்டில் வெளிப்பட நிற்பது மற்றொன்று. என் விருப்பத்திற்கு இசையச் சொல்லாதே, நீ கண்டதையே சொல் என்று தலைவன் தும்பியிடம் வேண்டுகின்றான். முகமன் கூறாத உண்மையையே இறைவன் பாட்டு வேண்டி நிற்பது. ஆதலின், தன் பாட்டிற் குற்றம் கூறினான் என்பதற்காக இறைவன் வெகுண்டான் என்றல் அப்பாட்டினோடே முரணும்.

அற்றேல், நக்கீரர் பிழைத்தது எங்கே? தும்பிக்கும் அவர்க்கும் உள்ள வேற்றுமையில் என்க. தும்பி பூத்தோறும் சென்று தேனை உண்டறிந்தது. உண்டறிந்ததையே சொல்லுமாறு வேண்டப்பட்டது. நக்கீரரோ, மானிட மகளிர் கூந்தல் பூவின் சேர்க்கையால் மணக்கும் என்று கூறிய துணையும் காட்சியளவையின் எல்லையில் நின்றார். அத்துணையும் அவர் கூற்றிற் குற்றமில்லை. தேவமகளிரைப் பற்றி வினவியபொழுதும் அதுவே விடை. திருக்காளத்தியில் எழுந்தருளிய ஞானப்பூங்கோதையைப் பற்றி வினவியபொழுதும் அதுவே விடை. கண்டதைக் கூறத் தொடங்கியவர் காணாததையும் அதே துணிவொடு கூறி முடித்தார்.

இதனை அளவைநூல் முறையால் ஆராயின், பூதங்களாலாய உடம்பிற் கண்ட வியாத்தியை மாயையின் காரியமல்லாத அருட்டிருமேனிமேல் ஏற்றியதாக முடியும். இறைவன் திருவுருவம் மாயையினாலாயதன்று, அருளே உருவாயது என்பது சிவஞான சித்தியாரின் துணிபு. அருளே உருவாயினார்க்கு மணமும் அவ்வருளேயாம். வேறொன்றன் சேர்க்கையால் வருவதன்று. ஆகவே, நக்கீரர் கொண்ட ஏது ஓரெல்லையில் மெய்யேது. அவ்வெல்லை கடந்தவழி ஏதுப்போலி. பாசஞானத்தாலும் பசுஞானத்தாலும் பதியை அறியலாகாது, பதிஞானத்தாலேயே அறியலாகும் என்று சிவஞான போதத்து ஒன்பதாம் சூத்திரம் வலியுறுத்தும் பொருள் இக்கதையிற் பாத்திரமாகி நடக்கின்றது.

தடை: அங்ஙனமாயின் அது அறியாமையேயன்றிக் குற்றமன்றே; அறியாதானை எரித்தல் அருளாமோ எனின், விடை: நெற்றிக்கண் தோன்றுங்காறும் நக்கீரர் எதிர்நின்றது முன்பின் அறியாத ஒரு புலவரோடு. அதுவரை அவர் செய்தது வாதம்; சங்கத்துத் தலைமைப் புலவர்க்கு அது கடமையுமாம். கண் தோன்றியபின் வந்தவர் இன்னாரென அறிந்தார். அறிந்தும், உடல் முழுதும் கண்ணாகக் காட்டினும் குற்றம் ஒழியாது என்னும் கருத்துப்படப் பேசினார். அறிந்தபின் வினவுதலே முறை. அவர் வினவினாரல்லர், வென்றுநிற்கவே முயன்றார். ஆணவத்தின் குணங்களை எண்ணிய இருபா இருபஃது மதத்தையும் அவற்றுள் ஒன்றாக வைத்தது. வாதம் மதமாகிய அக்கணத்திலேதான் தீப் பற்றியது. அத்தீ அவர்தம் புலமையையன்று, மதத்தையே எரித்தது. புலமை எரிந்திலது என்பதற்கு அடுத்த இரு படலங்களுமே சான்று.

பொற்றாமரைத் தடத்தில் வீழ்ந்தவர் ஆண்டே ஒழிந்தாரல்லர். கபிலர் பரணர் முதலாய சங்கத்தார் இறைவனை வேண்டினர், நக்கீரரும் தம் பிழையுணர்ந்து பாடினர், கரையேறினர். கயிலைபாதி காளத்திபாதி அந்தாதி அங்ஙனம் எழுந்ததென்பது புராணமரபு. எந்தக் காளத்தியில் எழுந்தருளிய அம்மையின் கூந்தலை வழக்கில் இழுத்தாரோ, அந்தக் காளத்தியையே பாதியாக வைத்துப் பாடினர் என்னும் நயம் ஈண்டு உணரத்தக்கது. பதினோராந் திருமுறையில் நக்கீரதேவ நாயனார் பெயரால் அமைந்த நூல்களுள் ஒன்று கோபப்பிரசாதம். கோபமே பிரசாதம் என்னும் அப்பெயர் ஒன்றே, முன்னையோர் இத்தீயை எங்ஙனம் கொண்டனர் என்பதைக் காட்டும். அறக்கருணை, மறக்கருணை எனச் சித்தாந்தம் கூறும் இரண்டனுள் பின்னையதற்கு இதனினும் பொருந்திய பெயர் யாண்டுங் காணோம். சங்ககாலத்து நக்கீரரும் நக்கீரதேவ நாயனாரும் வேறாவர் என ஆராய்ச்சியாளர் கூறுவர். அது காலவாராய்ச்சி, ஈண்டு யாம் கொண்டது புராணம் காட்டும் பாத்திரவாராய்ச்சி யாதலின், அது எம் கருத்துக்கு இழுக்காகாது.

இனி 54-ஆம் படலத்தே உள்ளது, கற்றோர் அனைவரும் மகிழத்தக்க செய்தி. கரையேறிய நக்கீரரை நோக்கி, "இனி வாதம் விடுக, வாய்மூடி வழிபடுக" என்று இறைவன் பணித்தானல்லன். அவர் பிழைபட்டது இலக்கணம் நிரம்பாமையால் எனத் திருவுளங்கொண்டு, பொதியிலினின்றும் அகத்தியனாரை வருவித்து இலக்கணம் உபதேசிப்பித்தான். குற்றங் கண்டவனுக்கு இறைவன் அளித்த பரிசு மேலுங் குற்றங் காணும் வன்மையே! ஆராய்ச்சி தவறன்று, நிரம்பா ஆராய்ச்சியே தவறு. பத்திக்கு இடையூறாவது இலக்கணமன்று. இலக்கணம் கற்றேன் என்னும் செருக்கே இடையூறு.

இதன் தொடர்ச்சியை இறையனார் அகப்பொருளுரை கூறும் வரலாற்றிற் காணலாம். ஆலவாய் இறைவன் அருளிய அறுபது சூத்திரங்களுக்குப் புலவர் பலர் உரை கண்டனர். எவ்வுரை மெய்யுரை எனத் தெளிதற்கு ஐயாட்டைப் பருவத்து மூங்கைப்பிள்ளையாகிய உருத்திரசன்மனை நடுவனாக வைத்தனர். நக்கீரர் உரை கேட்டபொழுது பதந்தோறும் அப்பிள்ளை கண்ணீர் வார்த்து மெய்ம்மயிர் சிலிர்ப்ப இருந்தான். முன்னர் இறைவன் பாட்டிற்குக் குற்றம் கூறியவரே பின்னர் இறைவன் நூலுக்கு மெய்யுரை கண்டவராயினர் என்று இவ்விரு வரலாறுகளையும் ஒருங்குவைத்து நோக்கின், நக்கீரர் பாத்திரத்தின் முழுவடிவம் புலனாகும். சங்க மண்டபத்தில் உரத்த சொல்லால் வெல்ல நின்றவரது வெற்றியைப் பேசாப் பிள்ளையின் கண்ணீர் அறுதியிட்டது. இவ்விறுதி நிலையை எந்தப் படக்காட்சியும் முழுமையுறக் காட்டியதாக யாம் அறியோம். காட்டுவார் உளராயின் தமிழ்நாடு அவர்க்குக் கடப்பாடுடையதாம்.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதொன்றன்று. எம் பக்கத்தார் தீயோடு வாழ்பவர். சிவகாசி, சாத்தூர், ஏழாயிரம்பண்ணைச் சுற்றுப்புறங்களில் தீப்பெட்டியும் பட்டாசுமே பல்லாயிரங் குடும்பங்களின் பிழைப்பு. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12-ஆம் நாள் எம்மூர்க்கு அண்மையிலுள்ள அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதின் மேற்பட்டோர் உயிர்நீத்தனர். மருந்து கலக்கும் அறையில் அளவு பிழைத்ததையோ உராய்வு நேர்வதையோ கண்டானொருவன், மேலோர் முகம் நோக்கி வாளாவிருப்பானாயின் அவ்வடக்கம் அறமாகுமோ? ஆகாது. யார் செய்யினும் பிழை பிழையே என்று அவன் சொல்லியே தீரவேண்டும். கேட்பவரும் கேட்டே தீரவேண்டும். "பெரியோர் வாக்கிற் குற்றம் நாடாதே" என்று நக்கீரர் கதையினின்றும் பாடம் கொள்வார், இவ்விடத்து அப்பாடம் என்னாம் என எண்ணிப் பார்க்கக் கடவர். இறைவன் பாட்டு வேண்டுவது கண்டது மொழிதலே. கண்டதை மொழியாதிருக்க அது யாண்டும் கற்பியாது.

மடங்களிலும் கழகங்களிலும் நூல் ஓதுவார்க்கும் இஃதொக்கும். பாடம் பிழைபட்டவிடத்து மாணாக்கன் அதனைச் சுட்டுதல் ஆசிரியர்க்கு இழுக்கன்று. அச்சிற் பிழைகண்டு திருத்துதல் நூலுடையார்க்குப் பகையன்று. அவ்வழக்கம் அருகிய இடத்து உரைகள் பாசிபிடிக்கும். மற்று, பிழைசுட்டலே தொழிலாகக் கொண்டு, தாம் உண்டறியாத பொருளினும் தீர்ப்புக் கூறுவார் மிக்கவிடத்து நூல்கள் வாதப்பொருளாகுமேயன்றி அனுபவப்பொருளாகா. இருமருங்கினும் இடர் உண்டு. நடுவே செல்லும் வழியை நக்கீரரின் மூன்று படலங்களும் ஒருங்கு காட்டுகின்றன. கண்டதை அஞ்சாது கூறுக; காணாதவிடத்து வினவுக; எரிந்தது செருக்கெனின் மகிழ்ந்து மேலும் கற்க.

ஆகவே, அப்படத்தைக் காணும் இளைஞரைத் தடுத்தல் வேண்டா. கண்டு வந்தாரை அருகிருத்தி, "நன்று, தீயில் வீழ்ந்தவரைக் கண்டாய், எஞ்சிய இரு படலங்களையும் ஓதுவாம், வா" என்று ஏட்டை விரித்தலே ஆசிரியர் கடன். ஆராயும் ஒவ்வொருவரும் ஒரு பிழையைச் சுட்டியபின் தம் உள்ளத்தையும் ஒருகால் நோக்கிக்கொள்க. ஆண்டு எஞ்சி நிற்பது நூல் திருந்திற்று என்னும் உவகையோ, யாம் வென்றேம் என்னும் களிப்போ? முன்னதாயின் கரையில் உள்ளோம். பின்னதாயின் இன்னும் தடத்தில் உள்ளோம். கரையேற்றுவான் ஒருவன் உளன்.

திருச்சிற்றம்பலம்.