ஈரக் கீரை மேல் விழுந்த பழி

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ முயல் வளர்த்திருந்தால் இந்தக் காட்சி உங்களுக்குப் புதிதாக இருக்காது. பால் மறந்து பத்துப் பதினைந்து நாள் ஆன குட்டி. நேற்று மாலைவரை துள்ளிக்கொண்டிருந்தது. இன்று காலையில் கூண்டின் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ரோமம் சிலிர்த்திருக்கிறது, வயிறு உப்பியிருக்கிறது, பின்னங்கால்களில் கழிச்சல் ஒட்டியிருக்கிறது. சில நாள்களில் அது இறந்துவிடலாம். அதோடு பிறந்த குட்டிகளும் ஒவ்வொன்றாகப் போகலாம்.

"ஈரக் கீரையைப் போட்டாயா?" பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பசாரில் வாங்கி வந்த கங்கோங் கீரை மேல் பழி விழும். கீரையைப் போட்ட பிள்ளை மேலும் விழும். அந்தப் பழி நியாயமானதா என்று இந்த வாரம் பார்ப்போம்.

கழிச்சலுக்குக் காரணங்கள் பல. தீவனத்தைத் திடீரென்று மாற்றினால்கூட முயலின் வயிறு கெடும். ஆனால் பால் மறந்த குட்டிகள் வரிசையாக நோயுறும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது காக்சிடியோசிஸ். அதை உண்டாக்குவது ஐமீரியா என்ற ஒரு செல் ஒட்டுண்ணி. இது மலேரியாக் கிருமிக்குத் தூரத்து உறவு. முயலைத் தாக்கும் ஐமீரியா வகைகள் 11. அவற்றில் ஒன்று கல்லீரலின் பித்தக் குழாய்களில் வாழ்கிறது. மற்ற 10 வகைகள் குடலில்.

கல்லீரலில் வாழும் அந்த ஒன்றுக்கு அறிவியல் வரலாற்றில் தனி இடம் உண்டு. 1674ஆம் ஆண்டு, ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி லூவன்ஹுக், தாமே செய்த நுண்ணோக்கியில் முயலின் பித்தநீரைப் பார்த்தார். முட்டை வடிவில் சிறு உருண்டைகள் தெரிந்தன. அவை என்னவென்று அவருக்குத் தெரியவில்லை; பார்த்ததை எழுதி வைத்தார். மனிதக் கண் பார்த்த முதல் ஒட்டுண்ணி நுண்ணுயிர் அதுவே என்று இன்று பலர் கருதுகிறார்கள்.

லூவன்ஹுக் பார்த்த உருண்டைக்கு ஊசிஸ்ட் என்று பெயர். கெட்டியான உறைக்குள் ஒட்டுண்ணி அடங்கியிருக்கும் நிலை அது. முயலின் வயிற்றுக்குள் போனதும் உறை உடைகிறது. உள்ளிருந்து 8 நுண்ணுயிர்கள் வெளிவருகின்றன. ஒவ்வொன்றும் குடல் சுவரின் ஒரு செல்லுக்குள் நுழைந்து, அங்கேயே பிளந்து பெருகுகிறது. செல் வெடிக்கிறது. வெளியே வந்தவை அடுத்த செல்களுக்குள் நுழைகின்றன. இப்படிச் சில தலைமுறைகள் கழித்து, ஆண், பெண் செல்கள் உருவாகி இணைந்து, புதிய ஊசிஸ்ட்டுகள் புழுக்கையோடு வெளியேறுகின்றன. குடல் வகைகளுக்கு இந்தச் சுற்று முடிய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும்.

ஒரு கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒன்று 30 ஆகிறது, மொத்தம் மூன்று தலைமுறை என்று வைத்துக்கொள்வோம். 8 × 30 × 30 × 30 = 216,000. ஒரே ஓர் ஊசிஸ்ட்டின் விளைவு இது. குடல் சுவர் சில நாள்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வதால் இந்த இழப்பை முயல் தாங்கிவிடும். ஆயிரம் ஊசிஸ்ட் உள்ளே போனால்? 216 மில்லியன். நம் கணக்கில் உள்ள 30 வெறும் எடுத்துக்காட்டு. வகைக்கு வகை அது மாறும். ஆனால் நோயின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. ஒட்டுண்ணி இருக்கிறதா என்பதைவிட, எத்தனை உள்ளே போயிற்று என்பதே முக்கியம். நன்றாகத் துள்ளித் திரியும் தாய் முயலிடமும் அது இருக்கும். முன்பே நோயைச் சந்தித்துத் தப்பியதால் தாய்க்கு எதிர்ப்பாற்றல் உண்டு, குட்டிக்கு இல்லை.

இப்போது ஒரு புதிர். முயல் இரண்டு வகைக் கழிவை வெளியேற்றும். ஒன்று, நாம் பார்க்கும் காய்ந்த புழுக்கை. மற்றொன்று, பெருங்குடல்வாயில் நொதித்த மென்மையான உருண்டை. இதை முயல் ஆசனவாயிலிருந்து நேராக வாயில் எடுத்து விழுங்கிவிடும். அருவருக்க வேண்டாம், அதிலுள்ள புரதமும் பி வைட்டமின்களும் அதற்குத் தேவை. அப்படியானால் தினமும் தன் கழிவையே தின்னும் முயல், தனக்குத் தானே நோயை ஏற்றிக்கொள்ளாதா?

ஏற்றிக்கொள்வதில்லை. புதிதாக வெளியேறும் ஊசிஸ்ட்டால் தொற்ற முடியாது. அதற்குள் ஒரே ஓர் உருண்டைதான் இருக்கும். வெளியே கிடந்து, பிராணவாயுவும் ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்த பிறகே அந்த உருண்டை நான்காகப் பிரியும். ஒவ்வொன்றிலும் இரண்டு நுண்ணுயிர்கள் உருவாகும். முன்பு சொன்ன 8 இப்படித்தான் வருகிறது. இதற்குச் சில வகைகளுக்கு ஒரு நாள் போதும். பெரும்பாலானவற்றுக்கு இரண்டு மூன்று நாள் தேவை.

இனி கெலுகோருக்கு வருவோம். இரவிலும் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே அதிகம் இறங்காத வெப்பம், கடலையொட்டிய ஈரக்காற்று, அடிக்கடி மழை. ஊசிஸ்ட் முதிர இதைவிட வசதியான இடம் வேண்டுமா? முயலோ குளிரை விரும்பும் பிராணி. தமிழ்நாட்டில் மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம், கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில் முயல் வளர்க்கிறது. அந்தக் குளிரில் ஊசிஸ்ட் முதிர்வது மெதுவாகும். நமக்கு அந்த வசதி கிடையாது.

சரி, கீரைக்கு என்ன தீர்ப்பு? முயலின் ஐமீரியா முயலை மட்டுமே தாக்கும். கோழியின் ஐமீரியா முயலுக்கு வராது. முயலுடையது நமக்கும் வராது. நம் நாட்டில் வளர்ப்பு முயலின் இனம் காட்டில் வாழ்வதில்லை. ஆகவே பசார் கீரையில் முயலின் ஊசிஸ்ட் ஒட்டி வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அது முன்பே கூண்டில் இருந்திருக்கிறது. ஈரக் கீரையைத் தரையில் போட்டதும் புழுக்கை அதில் ஒட்டியது. ஈரம், அங்கே கிடந்தவை முதிர உதவியது. கீரை உடந்தைதான், முதல் குற்றவாளி அல்ல. அதே கீரையை ஈரம் உலர்த்தி, தரையில் படாமல் தட்டியில் கட்டித் தொங்கவிட்டால் கதை வேறு.

கூண்டுக்குக் கம்பிவலைத் தரை போடுவதும் இதற்காகவே. புழுக்கை கீழே விழுந்துவிடும். கீழே விழுந்ததைத் தினமும் அள்ளிவிட்டால், ஊசிஸ்ட் முதிர்வதற்குள் அது முயலைவிட்டுத் தூரம் போய்விடும். வாரம் ஒருமுறை பளபளவென்று கழுவுவதைவிட, தினமும் சுமாராக அள்ளுவது மேல் என்பது என் கருத்து. பிளீச் ஊற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் பலர். ஊசிஸ்ட்டின் உறை அதற்கு மசியாது. ஆய்வுக்கூடங்களில் ஊசிஸ்ட்டுகளைப் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில் போட்டே உயிரோடு பாதுகாக்கிறார்கள் என்றால் பாருங்கள். கொதிநீரும் கடும் வெயிலில் காய்வதும் அதைக் கொல்லும்.

நோய் வந்துவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். சல்பா வகை மருந்துகளும் டோல்ட்ராசுரிலும் பயன்பாட்டில் உள்ளன. "கோழித் தீவனத்தில் இந்த நோய்க்கு மருந்து கலந்திருக்கிறதே" என்று அதை முயலுக்குப் போட்டுவிடாதீர்கள். அவற்றில் சில மருந்துகள் முயலுக்கு நஞ்சு.

ஊசிஸ்ட்டை நீங்களே பார்க்கலாம். ஆசிரியர் துணையோடு, கையுறை அணிந்து, இரண்டு புழுக்கைகளை உப்பு இனிமேல் கரையாது என்ற அளவுக்கு உப்புக் கரைத்த நீரில் மசித்து வடிகட்டுங்கள். சோதனைக்குழாயை விளிம்புவரை நிரப்பி, மேலே கண்ணாடி வில்லையை வைத்து 20 நிமிடம் காத்திருங்கள். உப்புநீர் அடர்த்தியானது, ஊசிஸ்ட் மிதந்து வந்து வில்லையில் ஒட்டும். பள்ளி நுண்ணோக்கியே போதும். உள்ளே ஒற்றை உருண்டை தெரிந்தால் அது இன்னும் முதிராதது. நான்காகப் பிரிந்திருந்தால், அந்தக் கூண்டை நேற்று யாரும் சுத்தம் செய்யவில்லை.