தறிக்கூடத்தின் பழைய கூரை: கல்நார்த் தகடு பற்றி ஒரு பாடம்



சென்ற கோடையில் நெசவாளர் சங்கம் ஒன்றினை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். தறிக்கூடம் மழையில் ஒழுகியமையால் பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை மாற்றுவதென நிர்வாகக் குழு தீர்மானித்திருந்தது. மூன்று விலைப்புள்ளிகள் பெற்று, குறைந்த தொகை கேட்டவருக்கே வேலையைக் கொடுத்திருந்தனர். தீர்மானப் புத்தகம், பற்றுச்சீட்டு, ரொக்கக் கணக்கு யாவும் ஒழுங்காக இருந்தன. நாமும் கையொப்பமிட்டோம்.

வெளியே வந்து பார்த்தால், ஒருவர் பழைய தகடுகளைச் சம்மட்டியால் உடைத்துக் குவிக்கின்றார். மற்றொருவர் புதிய தகட்டை இரம்பத்தால் அறுக்கின்றார். வெண்புழுதி எழுந்து பாவின்மீது படிகின்றது. பெண்கள் இருவர் அதனைத் துடைப்பத்தால் பெருக்குகின்றனர். கணக்கில் குறையில்லை, காரியத்தில் பெருங்குறை இருந்தது. அதனை எடுத்துச் சொல்லும் அறிவு அன்று நமக்கு இல்லை. பின்னர்க் கற்றதை இங்குப் பாடமாகத் தருகின்றோம்.

கல்நார் என்பது யாது?

பூமியிலிருந்து வெட்டியெடுக்கப்படும் ஒருவகைக் கனிப்பொருளே கல்நார். கல்லாயிருந்தும் பஞ்சுபோல் இழை இழையாகப் பிரியும், தீயில் எரியாது. வெண்கல்நார், நீலக்கல்நார், பழுப்புக் கல்நார் எனப் பல வகைகள் உண்டு. நாம் கூரையிடும் நெளிதகடு, சிமிட்டியுடன் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வெண்கல்நார் கலந்து செய்யப்படுவது. அமெரிக்காவில் பழைய வீடுகளின் உட்கூரையில் சொரசொரப்பாகத் தெளித்த அலங்காரப் பூச்சிலும் கல்நார் சேர்ந்திருந்தது. அவ்வாறு தெளிப்பதை அந்நாட்டார் 1978-ல் தடை செய்தனர். அப்பூச்சு கைபட்டால் உதிர்வது. நமது தகட்டிலோ இழைகள் சிமிட்டியில் இறுகியுள்ளன. ஆயினும் உடைத்தால் இரண்டும் ஒன்றே.

தீங்கு எவ்வாறு வருகின்றது?

பஞ்சுத் தூசியை நெசவாளர் அறிவர். அது கண்ணுக்குத் தெரியும், தும்மலும் இருமலும் உடனே எச்சரிக்கும். கல்நார் இழையோ தலைமயிரைக் காட்டிலும் பன்மடங்கு மெல்லியது. கண்ணுக்குத் தெரியாது, மூக்கில் உறுத்தாது. நுரையீரலின் ஆழத்திற்சென்று தங்கிவிடும். நுரையீரல் தழும்பேறி இறுகுதல், நுரையீரற் புற்றுநோய், நுரையீரலைச் சூழ்ந்த சவ்வில் தோன்றும் புற்றுநோய் ஆகியவை அதன் பயன். கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோய் விளைவிப்பன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிபு. புகை பிடிப்போருக்கு நுரையீரற் புற்றுநோய் அபாயம் மேலும் பெருகும்.

இந்நோய்கள் உடனே தோன்றுவதில்லை. இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்தும் வரும். ஆகவேதான் 1995-ல் நமது உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளர் ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும், வேலையிற் சேர்ந்த நாள் முதல் குறைந்தது 40 ஆண்டுகள், அல்லது வேலை நீங்கியபின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை பேணுமாறு பணித்தது.

எனினும் வீண் அச்சம் வேண்டா. முழுமையாக உள்ள தகட்டின்கீழ் அமர்ந்து நெய்வதால் வரும் அபாயம் மிகக் குறைவு. ஒருநாள் புழுதி பட்டவரெல்லாம் நோயுறுவர் என்பதுமன்று. சுவாசித்த அளவு கூடக்கூட அபாயமும் கூடும் என்பதே உண்மை.

கைக்கொள்ள வேண்டிய விதிகள்

1. கல்நார் கலவாத நார்ச் சிமிட்டித் தகடுகளும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலிருக்கும். ஆய்வுக்கூடச் சோதனையாலன்றித் துணிந்து கூற இயலாது. ஐயமுள்ள பழைய தகட்டைக் கல்நார்த் தகடு என்றே கொள்க.

2. நல்ல நிலையில் உள்ளதைத் தொடாது விடுக. பாசி படிந்துள்ளதென்று கம்பித் தூரிகையால் தேய்த்தலும், நீரைப் பீய்ச்சி அடித்தலும் ஆகா.

3. கூரைமேல் நேராகக் கால் வைக்கலாகாது. பழைய தகடு எச்சரிக்கையின்றி முறியும். விழுந்தால் உயிருக்கே மோசம். சட்டங்களின்மீது பலகை பரப்பியே ஏறுக.

4. கழற்றுவதாயின் பாவையும் நூலையும் முன்னரே அப்புறப்படுத்துக. தகட்டை நீரால் நனைத்து, ஆணிகளை நீக்கி, முழுத்தகடாகவே இறக்குக. அறுத்தலும் துளையிடுதலும் உடைத்தலும் கூடா.

5. முகத்திற் கட்டிய துண்டு இவ்விழையைத் தடுக்காது. பி-100 அல்லது எஃப்எஃப்பி-3 தரத்துச் சுவாசக் கவசம் வேண்டும்.

6. உலர்ந்த புழுதியைப் பெருக்காது ஈரத்துணியால் ஒற்றி எடுக்க. வேலை செய்தவர் உடையை உதறாது தனியே துவைக்க வேண்டும். தொழிலாளரின் உடையோடு வந்த இழையால் வீட்டிலிருந்த மனைவி மக்கள் நோயுற்ற செய்திகள் பல நாடுகளில் உண்டு.

7. உடைந்த துண்டுகளை ஈரமாகவே தடித்த பாலித்தீன் உறையில் இருமடியாகக் கட்டி, உள்ளாட்சி அலுவலகத்தையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் கேட்டு அகற்றுக. பாதைக்கும் வரப்புக்கும் இட்டு நிரப்புதல் தவறு. விவசாய அன்பர்கள் இதனைச் சிறப்பாகக் கருதுதல் வேண்டும். 2018-ல் கஜா புயல் வீசிய மாவட்டங்களில் தகட்டுக் கூரைகள் பெயர்ந்து சிதறின. அத்தகைய துண்டுகளை வயலில் விட்டு உழுதால் மேலும் நொறுங்கும்.

சங்கத்தின் கடமை

பிரிட்டன் 1999-ல் வெண்கல்நாரையும் தடை செய்துவிட்டது. நம் நாட்டில் இத்தகடுகள் இன்னும் விற்பனையில் உள்ளன. ஆதலின் சட்டம் வரட்டும் என்று காத்திராமல் சங்கங்களே முந்துதல் வேண்டும். ஒவ்வொரு கட்டடத்திற்கும் கூரை இட்ட ஆண்டு, தகட்டின் வகை, இன்றைய நிலை ஆகியவற்றைப் பதிவேட்டில் குறித்து வைக்க. விலைப்புள்ளி கோரும்போதே, உடைக்காமல் இறக்குதல், கழிவை அகற்றுதல் ஆகிய நிபந்தனைகளையும் சேர்க்க. அப்போது தொகை கூடும். ஆனால் குறைந்த விலைப்புள்ளியில் மிஞ்சும் பணம், அங்கத்தினரின் மூச்சிலிருந்து எடுத்த பணமாகும். அது எந்த ஐந்தொகையிலும் தெரியாது.

நாம் இவ்வாண்டு முதல் ஆய்வுக் குறிப்பில் கூரைக்கென ஒரு பத்தி எழுதி வருகின்றோம்.

பொதுக்குழுவில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நமது தறிக்கூடம், கிடங்கு ஆகியவற்றின் கூரை எந்த ஆண்டு இடப்பட்டது?

2. விரிசலும் உடைசலும் எங்கெங்கு உள்ளன?

3. அடுத்த பழுதுபார்ப்பின்போது, புழுதி எழாமற் காக்கும் பொறுப்பு யாருடையது?