அளந்து வாங்காத சரக்கு



பருப்பு மூட்டை வந்தால் எடை போட்டுத்தான் இறக்குகிறோம். எண்ணெய் டின் வந்தால் சீல் பார்க்கிறோம். பழக்கமில்லாத சரக்கு வந்தால் மட்டும் பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். குயிலாப்பாளையத்தில் எங்கள் கடையில் நடந்தது இதுதான்.

எங்களுடையது மளிகைக் கடை. ஆரோவிலுக்கு வரும் பயணிகளுக்காகப் பரிசுப் பொருள்களும் கொஞ்சம் வைத்திருக்கிறோம். ஒரு ஏஜென்ட், பழங்கால 'புகாட்டி ராயல்' காரின் சிறிய மாதிரிகள் ஒரு டஜன் கொண்டுவந்தார். பெட்டியில் 1:18 என்றிருந்தது. அந்த அளவுக்குரிய விலை கொடுத்தோம். பில் கேட்கவில்லை.

சில நாள் கழித்து, மாதிரிக் கார்கள் சேகரிக்கும் ஒருவர் வந்தார். ஸ்கேல் வாங்கி அளந்து பார்த்து, "இது பதினெட்டில் ஒரு பங்கு இல்லைங்க" என்று வைத்துவிட்டுப் போனார்.

அவர் அளந்த முறை

முன்சக்கர அச்சின் மையத்திலிருந்து பின்சக்கர அச்சின் மையம் வரை அளந்தார். அசல் ராயலில் இது 430 சென்டிமீட்டர். 18-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 24 வரவேண்டும். எங்களிடம் இருந்தது 20. இதே கார் 1:24 என்றால் ஏறக்குறைய 18, 1:43 என்றால் சரியாக 10 சென்டிமீட்டர். மொத்த நீளத்தை அளந்து பயனில்லை. ராயல் கார்களின் மேற்கூடு ஒன்றுபோல் ஒன்று இல்லை.

அசல் காரின் கதை

அரசர்களுக்கு விற்கவே எட்டோரே புகாட்டி இதைச் செய்தார். என்ஜின் 12.7 லிட்டர். 25 கார்கள் செய்யத் திட்டம். 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் செய்தது 6, வாடிக்கையாளருக்கு விற்றது 3. ஓர் அரசர்கூட வாங்கவில்லை. ஆனால் புகாட்டி முடங்கிவிடவில்லை. 1933 முதல் அதே வகை என்ஜின்களைப் பொருத்தி ரயில் பெட்டிகள் செய்து பிரான்சின் ரயில்வேக்களுக்கு விற்றார். தேங்கிய சரக்குக்கு வேறு வழி கண்டார்.

எங்களுக்கும் ஒரு டஜன் தேங்கியது. ஏஜென்ட் திரும்ப எடுக்க மறுத்தார். "விவரம் தெரியாதவங்க வாங்கிட்டுப் போவாங்கண்ணே" என்றான் கடைப் பையன். ஒரு கணம் எங்களுக்கும் அந்த எண்ணம் வந்தது உண்மை. பிறகு '1:18' மேல் காகிதம் ஒட்டி, 'அளவுக்கு உத்தரவாதம் இல்லை, அலங்காரப் பொருள்' என்று எழுதி, நட்டத்துக்கு விற்றோம்.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

1. புதுச் சரக்கில் முதலில் ஓரிரண்டு மட்டும் எடுப்போம்.

2. அசல் அளவைக் கேட்டு, வகுத்து, ஸ்கேல் வைத்துப் பார்ப்போம்.

3. பில்லும், திரும்ப எடுக்கும் நிபந்தனையும் எழுத்தில் பெறுவோம்.

4. 14 வயதுக்கு உட்பட்டவர்களின் விளையாட்டுப் பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாத மாதிரியைப் பொம்மை வரிசையில் வைக்க வேண்டாம்.

அந்த டஜனில் எங்களுக்கு முதல் கொஞ்சம் போனது. கடையின் பெயர் போகவில்லை.