குருவின் கடுஞ்சொல்லும் யாக்ஞவல்கியரும்

அந்நியர் ஏசினால் அரை நாளில் மறந்துபோகிறது. பெற்றோர் கடிந்துகொண்டால் மாலைக்குள் ஆறிவிடுகிறது. ஆனால் ஆன்மிக வழிகாட்டியாக ஏற்ற ஒருவர், பலர் நடுவே, ‘நீ தகுதியற்றவன்’ என்று சொல்லிவிட்டால் அச்சொல் பல ஆண்டுகள் உள்ளே நின்று சுடுகிறது. அவர் உபதேசித்த மந்திரத்தை உச்சரிக்கும்போதெல்லாம் அவர் முகமே எழுகிறது. ஜபம் நின்றுவிடுகிறது. சிலருக்கு இறைவன்மீதே கசப்பு உண்டாகிறது.

இத்துன்பம் புதியதன்று. விஷ்ணு புராணத்தின் மூன்றாம் அம்சம் இதை வேதகால முனிவர் ஒருவரின் வரலாறாகவே கூறுகிறது. வியாசரிடம் யஜுர்வேதம் கற்ற வைசம்பாயனர், தம் காலால் இடறி, தம் சகோதரியின் குழந்தை மாண்டதற்குக் காரணமானார். அப்பாவம் தீர, தம் பொருட்டு விரதம் அனுஷ்டிக்குமாறு சீடர்களிடம் கூறினார். “ஆற்றல் குறைந்த இவர்கள் எதற்கு? நான் ஒருவனே செய்கிறேன்” என்றார் யாக்ஞவல்கியர். அது குருபக்தியில் பிறந்த சொல். எனினும் அதில் அகந்தையும் இருந்தது. பிழை சீடரிடமும் உண்டு என்பதைப் புராணம் மறைக்கவில்லை. ஆனால் குருவின் தண்டனை பிழையின் அளவைக் கடந்தது. என்னிடம் கற்றதனைத்தையும் திருப்பிக் கொடு என்றார். யாக்ஞவல்கியர் அந்த யஜுஸ்களை இரத்தம் தோய உமிழ்ந்தார். உடன் கற்றவர்கள் தித்திரிப் பறவைகளாகி அவற்றைக் கொத்திக்கொண்டனர். தைத்திரீயம் என்ற பெயர் அதனால் வந்தது.

யாக்ஞவல்கியர் குருவைச் சபிக்கவில்லை, கெஞ்சி நிற்கவுமில்லை, வேதத்தையும் வெறுக்கவில்லை. வேதத்திற்கே மூலமாகிய சூரியனை நோக்கித் தவம் செய்தார். கற்பித்தவர் பறித்துக்கொண்டாலும் கற்ற பொருள் அவருடைய உடைமையன்று என்ற தெளிவு அவருக்கு இருந்தது. புண்பட்ட சாதகர் முதலில் பற்றவேண்டியது இதனையே. மன்னிப்பைப் பற்றிய பேச்சு அதற்குப் பின்னரே.

மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் இவ்வரலாற்றை யாக்ஞவல்கியரே ஜனகரிடம் விவரிக்கிறார். சரஸ்வதி தம்முள் புகுந்தபோது உடல் எரிந்ததாம். தாங்காமல் நீரில் இறங்கினாராம். அருள் செய்த சூரியன்மீதே கோபம் வந்ததாம். இவ்வெரிச்சலைச் சற்றுப் பொறுத்துக்கொள், பின்னர் குளிர்ச்சி அடைவாய் என்று சூரியன் கூறினான். எரியவில்லை என்று நடிக்கும்படி அவன் சொல்லவில்லை. ‘குருவை உடனே மன்னித்துவிடு, இல்லையேல் பக்தியில்லை’ என்று புண்பட்டவரை அவசரப்படுத்துவோர் இவ்விடத்தைக் கவனிக்க வேண்டும்.

ஆறுவதற்குக் காலமும் ஆயிற்று. அங்கே வைசம்பாயனர் அவருக்குத் தாய்மாமனாகவும் குறிக்கப்படுகிறார். நூறு சீடர்களுக்குத் தாம் கற்பித்தது மாமனுக்கு மனவருத்தம் தருவதற்காகவும்தான் என்று முனிவர் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். பின்னர் ஜனகரின் தந்தை செய்த வேள்வியில் தட்சிணை குறித்து மாமனுடன் பிணக்கு எழுந்தபோது, பாதியைத் தாம் பெற்றதாகவும் கூறுகிறார். முழுவதும் வேண்டும் என்று அவர் நிற்கவில்லை. தம் பங்கை விட்டுக்கொடுக்கவுமில்லை.

குருவிடம் திரும்பிச் சென்று பணிந்தால்தான் மன்னிப்பு நிறைவுறும் என்று எண்ணி, மீண்டும் அவமானத்திற்கே தம்மை ஆளாக்கிக்கொள்ளும் சாதகர்கள் உண்டு. அவ்வாறு வேண்டுவதில்லை. யாக்ஞவல்கியர் உமிழ்ந்துவிட்டு வந்த தைத்திரீயத்தின் உபநிஷதமே இதற்குச் சான்று. ஆசாரியனைத் தெய்வமாகக் கருதச் சொல்லும் அதே சீக்ஷாவல்லியில், எங்களுடைய நற்செயல்களை மட்டுமே பின்பற்று, மற்றவற்றையன்று என்று குருவே விடைபெறும் மாணவனுக்குக் கூறுகிறார். குருவின் கடுமையைப் புனிதம் என்று கொள்ள வேண்டிய கட்டாயம் மாணவனுக்கு இல்லை. அவர் தந்த நன்மையை மறுக்கவும் வேண்டுவதில்லை.

சூரியனிடம் யாக்ஞவல்கியர் பெற்றதே சுக்ல யஜுர்வேதம். அதன் வாஜஸநேயி சம்ஹிதையின் 40ஆம் அத்தியாயம் ஈசாவாஸ்ய உபநிஷதம். எல்லா உயிர்களையும் ஆத்மாவிலும், ஆத்மாவை எல்லா உயிர்களிலும் காண்பவன் எவரிடமும் அருவருப்புக் கொள்ளமாட்டான் என்று அது கூறுகிறது. ‘எவரிடமும்’ என்ற அச்சொல்லில் வைசம்பாயனரும் அடங்குவார்.