டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்

பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்த அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, "தினமும் குடிப்பாரா?" என்று நர்ஸ் கேட்டார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு, "இல்லைங்க, இன்னைக்கு ஒரு விசேஷம், அதான்" என்றார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். நாளுக்கு இரண்டு குவார்ட்டர் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி அண்ணனுக்குக் கை உதறியது. போர்வையிலிருந்து இல்லாத பூச்சிகளைப் பொறுக்கிக் கீழே போட்டார். சுவரெல்லாம் எறும்பு ஊருது என்று கட்டுப்போட்ட காலோடு எழுந்து ஓடப் பார்த்தார். அப்போதுதான் டியூட்டி டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். "இதை முதல் நாளே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதேம்மா" என்றார் அவர். அந்த வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

• எவ்வளவு, எத்தனை வருஷமாக, கடைசியாக எப்போது: இந்த மூன்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும். பல வருஷம் தினமும் குடித்த உடம்புக்குத் திடீரென்று மது நின்றால், சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் அண்ணனுக்கு வந்த அந்தப் பிதற்றல் வரலாம். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகும். முன்னாலேயே தெரிந்தால் மாத்திரையும் தயாமின் ஊசியும் கொடுத்துப் பெரும்பாலும் தடுத்துவிடுவார்கள். "மனசு வெச்சா இன்னைக்கே விட்டுடலாம்" என்று குடிப்பவரை வீட்டுக்குள் பூட்டிவைக்கும் குடும்பங்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

• இன்சூரன்ஸ் படிவத்தை நீங்களே படித்து நிரப்புங்கள். மது அருந்துவீர்களா என்ற கேள்விக்கு ஏஜென்ட் 'இல்லை' என்று டிக் போட்டுவிட்டுக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்வார். ஆயுள் காப்பீட்டில் முதல் 3 ஆண்டுகளுக்குள் சாவு நேர்ந்தால், கம்பெனி பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளைத் தேடி எடுக்கும். நெடுநாள் குடிப்பழக்கத்தை மறைத்து எடுத்த மருத்துவ பாலிசிக்குப் பணம் தர மறுத்தது சரியே என்று 2025-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. உண்மையை எழுதினால் பிரீமியம் கூடலாம், பாலிசியே கிடைக்காமலும் போகலாம். அது இன்றைய கஷ்டம். பொய் எழுதினால் கஷ்டம் விதவையின் தலையில் விழுகிறது.

• மருத்துவ பாலிசியில் 'விலக்குகள்' பக்கத்தைப் பாருங்கள். குடிநோய்க்கான சிகிச்சையும் அதனால் வரும் விளைவுகளும் பொதுவாக அங்கே இருக்கும். ஆனால் கல்லீரல் கெட்டதெல்லாம் குடியால்தான் என்று முடிவு கட்டவும் முடியாது. மஞ்சள் காமாலை கிருமியாலும் கெடும், சர்க்கரை நோயாலும் கெடும். கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கம்பெனி சரியாகப் பதில் தராவிட்டால், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணம் இல்லாமல் முறையிடலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது.

• அடி விழுந்தால் 181-க்குக் கூப்பிடுங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வீடு கணவர் பெயரில் இருந்தாலும் மனைவியை வெளியே தள்ள முடியாது. தேவைப்பட்டால் கணவரையே வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். "குடிச்சா அப்படி, மத்தபடி தங்கமான மனுஷன்" என்பது அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை.

• கள்ளச்சாராயம் குடித்தவருக்கு வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல் இருந்தால் உடனே 108. தூங்கினால் தெளிந்துவிடும் என்று விடாதீர்கள். மெத்தனால் உடனே வேலையைக் காட்டாது. பல மணி நேரம் கழித்துத்தான் விஷமாக மாறிக் கண்ணைப் பறிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம்.

• யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14416, டெலி மனஸ். எந்த நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு.

செய்யக்கூடாதவை

• குடிப்பவருக்குத் தெரியாமல் ரசத்திலோ காபியிலோ மருந்தைக் கலக்காதீர்கள். "ருசி இல்லை, வாசனை இல்லை, கண்டுபிடிக்கவே மாட்டார்" என்று விற்கிறார்கள். அண்ணிக்கும் ஒருவர் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். குடியை நிறுத்தத் தரும் டைசல்பிராம் மாத்திரையை விழுங்கியவர் மேலே மதுவையும் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கும். இதயம் பலவீனமானவர் செத்தே போகலாம். நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, டாக்டர் கண்காணிப்பில் தர வேண்டிய மருந்து அது. பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பதோ யாருக்கும் தெரியாது.

• குடித்தவர் கையில் வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் முதல் முறை 10,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. மறுமுறை 15,000 ரூபாய், 2 ஆண்டு வரை. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வழக்கு: 2007-இல் டெல்லி இந்தியா கேட் அருகே மோதி நொறுங்கிய சொகுசுக் கார். மூச்சுச் சோதனையும் ரத்தச் சோதனையும் எடுக்கவே இல்லை. ஆனாலும் மது வாடை முதலிய சூழ்நிலைகளை வைத்து, காருக்கு இழப்பீடு தர வேண்டியதில்லை என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடிபட்ட மூன்றாம் நபருக்குக் கம்பெனி பணம் கொடுத்துவிட்டு, அதை வண்டிக்காரரிடம் வசூலிக்கவும் கோர்ட்டுகள் அனுமதித்திருக்கின்றன. அண்ணனின் விபத்து பாலிசியிலும் ஒரு ரூபாய் வரவில்லை. 'மது வாடை' என்று விபத்துப் பதிவேட்டில் எழுதியிருந்தது.

அப்படியானால் டாக்டரிடம் சொன்னால் கிளெய்ம் போய்விடுமே என்று கேட்பீர்கள். போகலாம். சொல்லாவிட்டால் ஆள் போய்விடலாம்.

• கட்டிப்போட்டு அடிக்கும் 'மறுவாழ்வு மையங்களில்' தள்ளாதீர்கள். 2017-இன் மனநலச் சட்டப்படி குடிநோயாளியும் நோயாளிதான், அவருக்கும் உரிமை உண்டு. மனநல மருத்துவர் இருக்கிறாரா, பதிவுச் சான்று இருக்கிறதா, வீட்டார் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். பார்க்கவிட மாட்டோம் என்றால் அங்கேயிருந்தே திரும்பிவிடுங்கள்.

• பிள்ளைகளை டாஸ்மாக்குக்கு அனுப்பாதீர்கள். 21 வயதுக்குள் இருப்பவருக்கு விற்பதே குற்றம். அப்பாவுக்குக் காய்ச்சல் என்று அவர் ஆபீசுக்குப் போன் செய்யவும் வைக்காதீர்கள்.

• விட்டவர் மறுபடி குடித்துவிட்டால் "எல்லாம் போச்சு" என்று தலையில் அடித்துக்கொள்ளாதீர்கள். இந்த நோயில் சறுக்கல் சகஜம். அதே டாக்டரிடம் அன்றைக்கே கூட்டிப் போங்கள். அண்ணன் இரண்டு முறை சறுக்கினார். முதல் முறை அண்ணி மோப்பம் பிடித்துத்தான் தெரிந்தது. இரண்டாம் முறை செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "இன்னைக்குக் குடிச்சிட்டேன்" என்று அவரே சொன்னார்.