பிரெஞ்சு ஆசனங்களும் நம் நாட்டுத் தச்சரும்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிதற்குக் கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் கருவிகளாதல் யாவரும் அறிந்ததே. மனையில் நாளும் பயன்படும் நாற்காலியும் அத்தகையதொரு கருவியே என்பதைப் பலர் உணர்வதில்லை. யாமும் நெடுநாள் உணர்ந்திலேம். சிங்கப்பெருமாள் கோவிலில் உள்ள எம் இல்லத்துத் திண்ணையில் பழைய தேக்கு நாற்காலியொன்று கிடந்தது. எம் பாட்டனார் புதுச்சேரியில் ஏலத்தில் எடுத்தது அது. அதன் முன்கால்கள் மானின் பின்னங்கால் போல வளைந்திருந்தன. பிரம்பு அறுந்தபின் அதனைப் பழைய விறகோடு சேர்த்து விற்றுவிட்டோம். பின்னொரு நாள் புதுச்சேரியில், பழைய மாளிகையொன்றில், அவ்வளைந்த கால்களையே மீண்டும் கண்டோம். யாம் விற்றது யாது என்னும் வினா அன்று எழுந்தது. அவ்வினாவின் பயனே இக்கட்டுரை.

பிரெஞ்சு நாட்டு மனைப்பொருள்களின் பாணிகள் பெரும்பாலும் அரசர் பெயராலேயே வழங்கும். பதினான்காம் லூயி (1643–1715) காலத்து ஆசனங்கள் உயர்ந்த முதுகும் பருத்த உருவும் உடையன. அமர்வார்க்கு இன்பம் அளிப்பதினும் காண்பார்க்கு அரசின் பெருமையைக் காட்டுவதே அவற்றின் நோக்கம். வெர்சேய் அரண்மனையில் அரசியின் முன்னிலையில் முதுகில்லாச் சிறு பீடத்தில் அமர்தலும் உயர்குடிக் கோமகளிர்க்கே உரிய சிறப்பாகும். ஏனையோர் நிற்றல் வேண்டும். அக்காலத்துப் பெருங்கலைஞர் பூல் (1642–1732) என்பார். ஆமையோட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அறுத்து, ஒன்றன் வெட்டுவாயில் மற்றொன்றைப் பொருத்துதல் அவர் கைவன்மை. அவ்வரண்மனையில் வெள்ளியாலாகிய மேசைகளும் இருந்தன. 1689-இல் போர்ச்செலவுக்காக அவை உருக்கப்பட்டன.

பதினைந்தாம் லூயி (1715–1774) காலத்தில் பெருமண்டபங்களினும் சிற்றறைகளையே மக்கள் விரும்பினர். உரையாடற்குரிய மென்மையான ஆசனங்கள் தோன்றின. நேர்கோடு மறைந்து வளைகோடு ஆண்டது. எம் திண்ணை நாற்காலியின் கால்கள் இப்பாணியினவே. அரசருக்கென ஓபென் 1760-இல் தொடங்கிய எழுதுமேசையை, அவர் மறைந்தபின் ரீஸ்னர் 1769-இல் முடித்தார். ஒரு மேசைக்கு ஒன்பது ஆண்டு!

1738-இல் ஹெர்குலேனியமும் 1748-இல் பொம்பேயும் அகழப்பெற, பண்டை உரோமரின் வடிவங்கள் மக்கள் மனத்தைக் கவர்ந்தன. கால்கள் மீண்டும் நிமிர்ந்து, தூண்களைப் போல வரிகள் செதுக்கப்பெற்றன. இப்பாணி பதினாறாம் லூயியின் (1774–1792) பெயரால் வழங்கினும், அவர் முடிசூடுமுன்னரே தொடங்கியதாகும். 1789-இல் புரட்சி எழுந்தது. வெர்சேய் அரண்மனைப் பொருள்கள் 1793, 1794 ஆம் ஆண்டுகளில் 17,000-க்கு மேற்பட்ட தொகுதிகளாக ஏலம் போயின. பின்னர் 1804-இல் நெப்போலியன் பேரரசரானார். கனத்த மகாகனி மரமும், 1798 எகிப்தியப் படையெடுப்பை நினைவூட்டும் வெண்கல உருவங்களும் அவர் காலத்துப் பாணியாயின.

இவ்வரலாற்றில் எம் கருத்தை மிகக் கவர்ந்தது தச்சர்களின் முத்திரையே. கருங்காலியைப் பிரெஞ்சியர் 'எபேன்' என்பர். அதனால் நுண்வினைத் தச்சர் 'எபேனிஸ்த்' எனப்பட்டனர். பாரிசு நகரத்துத் தச்சர் குழு 1743-இல் ஒரு விதி வகுத்தது. 1751 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒவ்வோர் ஆசிரியத் தச்சரும் தம் பெயரை இரும்பு முத்திரையால் மரத்திற் பொறித்தல் வேண்டும் என்பதே அவ்விதி. ஆதலின் இரு நூற்றாண்டு கடந்தும், நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்துச் செய்தவர் பெயரை அறிய முடிகின்றது.

நம் நாட்டு நிலை யாது? 1674 முதல் 1954 வரை, இடையிடையே சில காலம் நீங்கலாக, புதுச்சேரி பிரெஞ்சியர் ஆட்சியில் இருந்தது. அங்கு வந்த வடிவங்களை நம் தச்சர் கண்டு, கரையானுக்கு அஞ்சாத தேக்கில் அமைத்தனர். வெப்பத்திற்கேற்பப் பட்டுமெத்தையை நீக்கிப் பிரம்பு பின்னினர். இஃது வெறும் போலியன்று; அறிவுடைய மாற்றம். எம் நாற்காலியும் அத்தகையதே. எனினும் அதன் அடியில் எப்பெயரும் இருந்ததில்லை. நெடுநல்வாடை பாண்டியன் தேவியின் தந்தக் கட்டிலைச் செதுக்கிய வல்லோனின் திறத்தைப் புகழ்கின்றது. அவன் பெயரை மட்டும் கூறவில்லை. நம் மரபு கைத்திறத்தைப் போற்றிற்று, கைக்குரியவனை மறந்தது.

இம்மறதிக்கு நாம் கொடுத்த விலை சிறிதன்று. 1950-களில் சண்டிகர் நகரத்து அலுவலகங்களுக்கெனப் பியேர் ழான்னரே என்பார் வகுத்த தேக்கு, பிரம்பு நாற்காலிகளை நம் தச்சரே செய்தனர். பிற்காலத்தில் அவை பழம்பொருளென ஏலத்தில் தள்ளப்பட்டு, மேனாட்டு ஏலங்களில் பெருவிலை பெற்றன. 2011-இல் அரசு அவற்றின் விற்பனையைத் தடுத்தது. அங்கும் வழங்கும் பெயர் வகுத்தவருடையதே. இழைப்புளி பிடித்தவர் பெயர்களை யாரும் குறித்து வைத்திலர்.

நண்பர்களே! விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் உங்கள் இல்லத்துப் பழைய நாற்காலியை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். முத்திரை இராது. ஆயினும் அதனைச் செய்தவர் யாவர், எவ்வூரினர் என்று முதியோரை வினவி எழுதி வையுங்கள். எம் பாட்டனாரை யாம் வினவவில்லை. இன்று வினவுதற்கு அவரும் இலர், நாற்காலியும் இல்லை.